போன் கவுன்ட்டர் மிலிட்டரி

அவரை மிலிட்டரி ஆக்கியது நாங்கள்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விஷயம் பின்னால் தெரியவந்ததிலிருந்து, நடந்ததற்கெல்லாம் அவர் ஒருவரே காரணம் என்பதுபோல் கம்பெனியில் இப்போதும் சிலர் பேசுகிறார்கள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் பெயர் ஆறுமுகநயினார். வயது ஐம்பத்தெட்டு. ஒரகடத்தில் கார்களுக்கு வயர் செட் செய்யும் எங்கள் கம்பெனியில் செக்யூரிட்டி. மெயின் கேட்டில் நின்று லாரிக்குக் கையைக் காட்டுகிற வேலை இல்லை, போன் கவுன்ட்டர். உள்ளே போகிற யாரும் போன் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் கம்பெனி சட்டம். வேலைக்கு வருகிறவர் ஜன்னலில் போனைக் கொடுப்பார். நயினார் அதை நம்பர் போட்ட மரப்பொந்தில் வைத்துவிட்டு, அதே நம்பர் போட்ட டோக்கனைத் தருவார். வேலை முடிந்ததும் டோக்கனைக் கொடுத்து போனை வாங்கிக்கொள்ள வேண்டும். சுவர் முழுக்க முந்நூற்று அறுபது பொந்துகள்.

நான் பிரவீனா. ஊர் மண்ணூர். டைம் ஆபீஸில் வருகைப் பதிவு பார்க்கிறேன். என் மேஜைக்கும் அந்தக் கவுன்ட்டருக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். கேட் பாஸ் கொடுக்க அதில் ஒரு சின்னத் திறப்பு உண்டு. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் கவுன்ட்டரில் நடந்ததில் நான் கேள்விப்பட்டதாக எதுவும் இல்லை, கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும்தான்.

மிலிட்டரி என்ற பெயர் வந்தது ஒரு ஆடிட் அன்று. வெளியூரிலிருந்து வந்த கஸ்டமர் ஒருவர் நயினாரின் மீசையையும் நிமிர்ந்த முதுகையும் பார்த்துவிட்டு, "எக்ஸ் சர்வீஸ்மேன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நயினாருக்கு ஆங்கிலம் தெரியாது. பெரிய மனிதர் ஏதோ கேட்கிறார் என்று விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். அவ்வளவுதான். அந்த மனிதர் மகிழ்ந்து போய் கை குலுக்கினார், எங்கள் ஆட்கள் அன்று மாலையே "மிலிட்டரி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர் பட்டாளத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. எனக்குத் தெரியும், அவருடைய பயோடேட்டா என் அலமாரியில்தான் இருந்தது. தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளத்தில் இருபத்தாறு வருஷம் லாரி எடை போட்டவர். மனைவி இறந்தபின் உப்பளமும் கைமாறிப்போக, ஏஜென்சி மூலம் இங்கே வந்தார். ஒரே மகள் கங்கா கோயம்புத்தூரில். ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாளாம். பிறகு மாசத்துக்கு ஒன்று. சேரப்பணஞ்சேரியில் நான்கு பேர் தங்கும் ஒரு ரூமில் இருந்தார். நான்கு பேரும் நான்கு ஷிப்ட். இவர் போகும்போது ஒருவன் தூங்கிக்கொண்டிருப்பான், இவர் திரும்பும்போது இன்னொருவன் தூங்கிக்கொண்டிருப்பான். விழித்திருக்கும் ஆள் முகத்தை அந்த ரூமில் அவர் பார்த்ததே குறைவு.

சட்டம் எல்லாருக்கும் பொது என்று, தன் போனையும் முதல் பொந்தில் வைத்து, ஒன்றாம் நம்பர் டோக்கனைத் தன் சட்டைப்பையிலேயே போட்டுக்கொள்வார். பகல் முழுக்க சுவரில் யாருடைய போனாவது அதிர்ந்துகொண்டே இருக்கும். முதல் பொந்து மட்டும் சும்மா கிடக்கும். ஒருநாள் நானே ஆபீஸ் போனிலிருந்து அவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன், விளையாட்டாக. அவர் துள்ளி எழுந்த வேகத்தைப் பார்த்து எனக்கு வெட்கமாகிவிட்டது. அதன்பிறகு அந்த விளையாட்டு விளையாடவில்லை.

அவருக்கு இருந்த ஒரே ஆசை பேசுவது. காலையில் இரண்டு பேப்பர் வரி விடாமல் படிப்பார். மசோதா, தொகுதி மறுவரையறை, எந்தக் கட்சி எதனோடு கூட்டணி, எங்கோ நடக்கும் போர், எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு கருத்து உண்டு. கேட்கத்தான் ஆள் இல்லை. ஷிப்ட் விட்டதும் பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள் ஜன்னலில் மூன்று விநாடிதான் நிற்பார்கள். "இந்தத் தேர்தல்ல என்ன நடக்கும்னா..." என்று ஒருவனிடம் ஆரம்பிப்பார். அவன் போனை வாங்கிக்கொண்டு போய்விடுவான். "மூணாவது அணின்னு ஒண்ணு வந்துட்டுன்னா..." என்று அடுத்தவளிடம் தொடர்வார். அவளும் போய்விடுவாள். ஒரு வாக்கியத்தை நான்கு பேரிடம் சொல்லி முடிப்பார். முதல் ஆளுக்கு முடிவு தெரியாது, கடைசி ஆளுக்குத் தலையும் காலும் புரியாது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சிரித்துக்கொள்வேன். எழுந்து போய் முழுசாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அப்போதுதான் மே மாதத்தில் எல்லையில் சண்டை வந்தது.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் ஜெனரல் ஷிப்ட் ஆட்கள் வெளியே வந்தபோது ஒருவனுக்கும் புதிதாக ஒன்றும் தெரியாது. காலையில் பஸ்ஸில் அரைகுறையாகப் பார்த்ததுதான். ஒன்பது மணி நேரம் போன் இல்லாமல் உள்ளே இருந்தவர்கள். பகல் முழுக்க பேப்பரும் வாட்ச்மேன் ரூம் ரேடியோவுமாக உட்கார்ந்திருந்தவர் நயினார் ஒருவர்தான். லைன் லீடர் தசரதன்தான் முதலில் கேட்டான்.

"இன்னா மிலிட்டரி, சண்ட எந்த அளவுல கீது?"

நயினார் சொல்ல ஆரம்பித்தார். தசரதன் போனை வாங்கியும் நகரவில்லை. பின்னால் நின்றவனும் நகரவில்லை. வரிசை கலைந்து கூட்டமாகியது. எந்த ஊர் எங்கே இருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள். நயினார் எழுந்து, கையிலிருந்த பிரம்பால் பொந்துகளைத் தட்டிக் காட்டினார்.

"இந்த மேல் வரிசைய காஷ்மீர்னு வச்சுக்கிடுங்க. பதினேழு ரஜௌரி. அதுக்குக் கீழ ஜம்மு. இப்படி இறங்கி வந்தா நாப்பத்தொண்ணு பதான்கோட். இந்தா, இந்தக் கட்டைதான் பார்டர். இதுக்கு அங்கிட்டு பூரா அவன் எடம்."

"ஐயோ, என் போன் லாகூர்ல கீதே!" என்று ஒருவன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். பஸ் டிரைவர்கள் ஹாரன் அடித்துச் சலித்துப்போனார்கள். அன்று ஏழு பஸ்ஸும் பத்து நிமிஷம் தாமதமாகக் கிளம்பின. நான்தான் அந்த ரிப்போர்ட்டையும் எழுத வேண்டியிருந்தது.

மறுநாள் வியாழன், பிளஸ் டூ ரிசல்ட். பகலெல்லாம் பொந்துகள் அதிர்ந்தன. சாயங்காலம் பிள்ளைகளின் மார்க்கைப் பார்த்த கையோடு எல்லாரும் மிலிட்டரியைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை ஐபிஎல்லை நிறுத்திவிட்டார்கள் என்ற துக்கம் வேறு சேர்ந்துகொண்டது. டிவியில் எட்டுப் பெட்டிக்குள் எட்டுப் பேர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கத்துவதைக் கேட்டவர்களுக்கு, ஒரே ஆள் நின்று நிதானமாகச் சொல்வது பிடித்திருந்தது. அதுவும் பட்டாளத்தில் இருந்த ஆள் சொல்வது. நயினார் நன்றாகத்தான் பேசினார், அதை மறுக்க முடியாது. நேற்றுவரை ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்த கட்சிகள் ஒரே குரலில் அறிக்கை விடுவதைச் சொல்லி, "இது எத்தனை நாளைக்குன்னு பாப்பம்" என்றார். அக்னிவீர் பற்றி அவர் சொன்னதுதான் எங்கள் ஆட்களுக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது.

"நாலு வருசத்துக்கு ஆள் எடுக்கான். முடிஞ்சா நூத்துல இருவத்தஞ்சு பேருக்குத்தான் நிரந்தரம், மத்தவன் வீட்டுக்குப் போவணும். உங்களுக்கு இது புதுசா? உங்க கம்பெனி மாதிரிதான். பட்டாளத்துலயும் கான்ட்ராக்ட் வந்தாச்சு."

கான்ட்ராக்ட் பையன்கள் விசில் அடித்தார்கள். வயிற்றெரிச்சலை ஒருவர் வாய்விட்டுச் சொன்ன சந்தோஷம்.

அந்த விசில்தான் அவரைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். முதல் நாள் செய்தி சொன்னார், இரண்டாம் நாள் கருத்துச் சொன்னார், மூன்றாம் நாள் கூட்டத்துக்கு எது வேண்டுமோ அதைச் சொன்னார். வெள்ளிக்கிழமை தசரதன் கேட்டான், இந்தச் சண்டையை எப்போது நிறுத்துவார்கள் என்று.

"நிறுத்தவே கூடாதுங்கேன்," என்றார் நயினார். குரல் உயர்ந்துவிட்டது. "ஆரம்பிச்சாச்சுல்லா, ஒரு மாசம் வச்சு அடிக்கணும். நம்ம பக்கமும் நாலு பேரு விழத்தான் செய்வான். விழட்டுமே! அதுக்குத்தானே சம்பளம் குடுக்கான்!"

கைதட்டல். என் கண்ணாடியே அதிர்ந்தது. நயினாரின் முகம் சிவந்து, மீசை நுனி துடித்தது. அவ்வளவு சந்தோஷமான முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை.

கூட்டம் கலைந்ததும் ஜன்னலில் மீனம்மாள் நின்றிருந்தாள். ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டில் இருப்பவள், வயது நாற்பத்தைந்துக்கு மேல், சேரப்பணஞ்சேரிக்காரி. உள்ளே எட்டு மணி நேரம் மாப் போட்டுவிட்டு அதிகம் பேசாமல் வீட்டுக்குப் போகிறவள். மூன்று நாளும் வரிசையில் கடைசியாக நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். டோக்கனை நீட்டவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சார், என் புள்ள ஹேமந்து மிலிட்டரில கீறான். போன வருசம்தான் எடுத்தாங்க, நீங்க சொன்னீங்களே அந்த நாலு வருச வேல. செவ்வாக்கெழம பேசினான். அப்பறம் போனே இல்ல. நான் போட்டா சுவிட்ச் ஆஃப்னு வருது."

நயினார் பிரம்பைக் கீழே வைத்தார்.

"எந்த ஊர்லம்மா இருக்கான்?"

அவளுக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. எக்கி, ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு, மேல் வரிசையைக் காட்டினாள்.

"நீங்க பிரம்பால தட்டினீங்களே சார், முதல்ல. அதான். பதினேழு."

அந்தப் பொந்தில் யாரோ ஒருவருடைய போன் இன்னும் இருந்தது. நயினார் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"போனை வாங்கி வச்சிருப்பாங்கம்மா. இங்க வாங்கி வைக்கோம்லா, அதே மாதிரி. சண்டை நேரத்துல யாரு கையிலயும் போன் இருக்கக் கூடாது. நம்பர் போட்டு டோக்கன் குடுத்திருப்பாங்க. முடிஞ்சதும் திருப்பிக் குடுப்பாங்க, உடனே பேசுவான்."

"நீங்க இருந்தப்பவும் அப்பிடித்தானா சார்?"

"ஆமா," என்றார்.

அதுவரை அவர் பொய் சொன்னதில்லை. மற்றவர்கள் மிலிட்டரி என்றார்கள், இவர் வாயை மூடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அந்த "ஆமா"தான் அவர் சொந்தமாகச் சொன்ன முதல் பொய். மீனம்மாளின் தோள் தளர்ந்து இறங்கியது. டோக்கனைக் கொடுத்து, போனை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை எங்களுக்கு ஓ.டி. நாள். மீனம்மாள் காலையிலேயே என்னிடம் வந்து, இன்று ஒருநாள் போனை இடுப்பில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். நான் மேனேஜரிடம் கேட்டேன். ஆடிட் வரும் வாரத்தில் யாருக்கும் விதிவிலக்கு கிடையாது என்று சொல்லிவிட்டார். நான் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம். நயினார்தான், "போனை என் கண்ணுக்கு நேரா வைக்கேன், மணி அடிச்சா உனக்கு ஆள் அனுப்புதேன்" என்று அவளைத் தேற்றினார். டோக்கனை மட்டும் கொடுத்துவிட்டு, போனை எந்தப் பொந்திலும் வைக்காமல் தன் மேஜையின் மேலேயே வைத்துக்கொண்டார்.

பத்து மணி டீ டைமுக்கு வந்தாள். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். ஒரு டப்பாவில் கருவாட்டுக் குழம்பு தனியாக எடுத்து வந்திருந்தாள். கவுன்ட்டருக்கு வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அவள் சாப்பிட, உள்ளே உட்கார்ந்து நயினார் சாப்பிட்டார். ஹேமந்த் ஓட்டப் பயிற்சிக்கு விடியற்காலையில் ஒரகடம் ரோட்டில் ஓடிய கதை, இரண்டாம் தடவைதான் தேறிய கதை, அவன் அப்பா இறந்த கதை எல்லாம் சொன்னாள். நயினாரும் உப்பளத்தைப் பற்றி வாய்வரை வந்த ஒரு வார்த்தையை விழுங்கியதைப் பார்த்தேன். ஒருவர் பேசுவதை இன்னொருவர் முடியும்வரை கேட்பது அந்தக் கவுன்ட்டரில் அன்றுதான் நடந்தது.

சாப்பிட்டு முடித்ததும் மீனம்மாள் கேட்டாள்.

"சார், பக்கத்து வூட்டுப் பையன் வாட்ஸாப்புல ஏதோ பேருங்க வந்துச்சின்றான். செத்தவங்க பேராம். காட்ட மாட்டன்றான். உங்க பழைய ஆளுங்க இருப்பாங்க இல்ல சார், உங்க ரெஜிமெண்ட்ல? ஒரே ஒரு போன் போட்டுக் கேளுங்க சார். ஹேமந்து எப்பிடி கீறான்னு மட்டும்."

நயினார் குழம்பு டப்பாவை மூடினார். அது சரியாக மூடவில்லை, திரும்பத் திறந்து மூடினார். "கேக்கேன்மா, டீக்கு வா" என்றார்.

அவள் போனதும் என் கண்ணாடித் திறப்பில் குனிந்தார்.

"மேடம், யாருக்காவது போன் பண்ண முடியுமா? ஏதாவது ஆபீஸு?"

காஞ்சிபுரத்தில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு அலுவலகம் இருப்பது எனக்குத் தெரியும். நம்பர் தேடிப் போட்டேன். சனிக்கிழமை. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. இன்னும் இரண்டு இடங்களுக்குப் போட்டுப் பார்த்தோம். எங்கும் பதில் இல்லை. செய்திகளில் வந்த எந்தப் பெயரிலும் ஹேமந்த் இல்லை, வாட்ஸாப்பில் சுற்றியது யாரோ கிளப்பிவிட்ட பட்டியல் என்பது மட்டும் தெரிந்தது.

"பேசிட்டேன், நல்லா இருக்கான்னு சொல்லிடுங்க," என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்! "சாயங்காலம் வரைக்கும் நிம்மதியா வேலை பார்ப்பாங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை.

"அந்தப் பிள்ளைக்கு ஏதும் ஆயிருந்துதுன்னா, மேடம்? நல்லா இருக்கான்னு நான் சொன்னத அவ சாகுறவரைக்கும் மறப்பாளா?" என்றார். பிறகு, "உண்மையச் சொன்னா இனிமே இங்க வந்து உக்கார மாட்டா. அதுவும் தெரியும்," என்றார்.

 ஒரு ஸ்டூலும் ஒரு டப்பா குழம்பும் போய்விடுமே என்று ஐம்பத்தெட்டு வயது ஆள் பயந்தார். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

நாலு மணி டீக்கு மீனம்மாள் ஓட்டமாக வந்தாள். நயினார் எழுந்து நின்று சொன்னார்.

"நான் பட்டாளத்துல இருந்தவன் இல்லம்மா. உப்பளத்துல எடை போட்டவன். எனக்கு அங்க யாரையும் தெரியாது. மேடமும் நானும் ஆபீஸுக்குப் போன் பண்ணிப் பாத்தோம், யாரும் எடுக்கல. செய்தியில வந்த பேருல தம்பி பேரு இல்ல, அவ்வளவுதான் தெரியும்."

மீனம்மாளுக்கு உடனே விளங்கவில்லை. கேட்ட முதல் கேள்வி அவரைப் பற்றியது இல்லை.

"அப்ப, போன வாங்கி வெச்சிருப்பாங்கன்னு சொன்னது?"

"நானா நெனச்சுச் சொன்னதுதாம்மா."

 டீ குடிக்காமல் உள்ளே திரும்பிப் போனாள். முந்தின இரவு அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கியிருப்பாள். அதை உருவி எடுத்தாகிவிட்டது. நயினார் ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்தார்.

ஐந்தரை மணிக்கு மேல் திடீரென்று சுவர் முழுக்க அதிர ஆரம்பித்தது. ஒன்றிரண்டு இல்லை, ஒரே நேரத்தில் நூறு, இருநூறு போன்கள். பலகை நடுங்கியது.  என் கம்ப்யூட்டரில் பார்த்தேன். சண்டை நிறுத்தம். இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தது. கண்ணாடியைத் தட்டி நயினாரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். அவருடைய கண் மேஜைமேல் இருந்த அந்த ஒரு போனில்தான் இருந்தது.

ஆறு மணி ஆகும்போது அது அடித்தது. ஹேமந்த் என்று பெயர் வந்தது. நயினார் கை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு போனை அப்படியே எடுத்துத் திறப்பு வழியாக என்னிடம் நீட்டினார்.

"நீங்க கொண்டு போங்க மேடம். என் கையால வேண்டாம்."

நான் சட்டம் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, காலை எடுத்து "கட் பண்ணிடாதீங்க" என்று அவனிடம் சொல்லிக்கொண்டே ஷாப் ஃப்ளோருக்குள் ஓடினேன். அதற்கு மெமோ வாங்கினேன், அது வேறு விஷயம். மூன்றாவது லைன் கடைசியில் மாப் பிடித்து நின்ற மீனம்மாளின் காதில் போனை வைத்தேன். "அம்மா" என்ற சத்தம் எனக்கே கேட்டது. அவள் அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏண்டா பேசல, ஏண்டா பேசல" என்பதைத் தவிர வேறு எதுவும் அவளுக்கு வரவில்லை. தலைக்கு மேல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவன் நன்றாக இருந்தான். சண்டை தொடங்கியதுமே எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துவிட்டார்களாம்.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. நயினார் குருட்டாம்போக்கில் சொன்னது சரியாகவே இருந்திருக்கிறது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்து அவரிடம் சொன்னேன். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஸ்டூலை மறுபடி வெளியே போட்டார்.

ஆறரைக்கு ஓ.டி. விட்டது. முதல் ஆளாக வந்தவள் மீனம்மாள்தான். போன் அவள் கையிலேயே இருந்ததால் டோக்கனை மட்டும் ஜன்னலில் வைத்தாள்.

"தம்பி நல்லா இருக்கானாம்மா?" என்றார் நயினார்.

"இருக்கான் சார்."

நகர்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். நின்றாள். குரலை உயர்த்தாமல்தான் பேசினாள்.

"நேத்து நீங்க சொன்னீங்க, நம்ம பக்கமும் நாலு பேரு விழட்டும், அதுக்குத்தானே சம்பளம்னு. வவுறு எரிஞ்சிச்சு எனக்கு. ஆனா இவுரு அங்க நின்னு சுட்டவரு, கூட இருந்தவன் செத்தத பாத்தவரு, சொல்ற உரிம இவுருக்கு கீதுன்னு பொறுத்துக்கினேன். டோக்கன் பொய்யி பரவால்ல சார், ஆறுதலுக்குச் சொன்னீங்க. அத ஏன் சொன்னீங்க? ஒரு நாளு துப்பாக்கி தொடாதவரு, என் புள்ள விழட்டும்னு இன்னாத்துக்கு சொன்னீங்க?"

 நயினார் எதையாவது சொல்லி மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன். நாட்டுப்பற்று என்பார், உணர்ச்சிவசப்பட்டேன் என்பார். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"எல்லாரும் நின்னு கேட்டாங்கம்மா," என்றார். "எங்கிட்ட யாரும் நின்னது இல்ல."

மீனம்மாள் அவரையே பார்த்தாள். அவளுக்கு அது புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். புருஷன் போய், பிள்ளையும் அங்கே இருக்க, ஒற்றை வீட்டில் விளக்கு போடுகிறவள் அவள். புரிந்தும் அவளால் மன்னிக்க முடியவில்லை. குழம்பு டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நயினார் அதைக் கழுவி வைத்திருந்தார். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள்.

அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. போனைக் கையில் வாங்காமலே செய்தி உள்ளே பரவியிருந்தது. தசரதன் ஜன்னலில் முழங்கையை ஊன்றினான்.

"இன்னா மிலிட்டரி, நிறுத்திட்டாங்களாமே! ஒரு மாசம் அடிக்கணும்னு சொன்னியே, இப்ப சொல்லு, இது சரியா தப்பா?"

இருபது முப்பது பேர். யாரும் அவசரப்படவில்லை. பஸ் ஹாரனைக்கூடக் கண்டுகொள்ளவில்லை. நயினார் பிரம்பைத் தொடவில்லை. எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நான் மிலிட்டரி இல்லப்பா. பட்டாளத்தப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. உப்பளத்துல எடை போட்டுட்டிருந்தவன். நேத்து நான் பேசினது தப்பு."

 தசரதன் வாய்விட்டுச் சிரித்தான். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். "மிலிட்டரி செம காமெடி பண்ணுது இன்னிக்கி," என்றான் ஒருவன். "மேலிடத்துலருந்து வாயத் தொறக்கக் கூடாதுன்னு ஆர்டர் போல," என்றான் இன்னொருவன். அதையும் கைதட்டி ரசித்தார்கள்.

"நெசமாத்தான்யா சொல்லுதேன்," என்றார் நயினார். அவர் குரல் அந்தச் சிரிப்பில் எடுபடவில்லை. உண்மையென்று நான் எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும், பயோடேட்டா என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

சிரித்து முடித்ததும், இனி விஷயம் எதுவும் தேறாது என்று தெரிந்து, ஒவ்வொருவராகப் போனை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். கால்மணி நேரத்தில் இடம் காலியாகிவிட்டது. அவர் சொன்னதை நம்பிய ஒரே ஆள் அவர்கள் வருவதற்கு முன்பே ரோட்டைக் கடந்து போயிருந்தாள்.